போன்சவன் ஒரு நாள் சுற்றுலா: கல் சாடிகளும் வெடிக்காத குண்டுகளும்

லாவோஸின் வடகிழக்கில் உள்ள சியங்குவாங் மாநிலத்தின் தலைநகர் போன்சவன். கடந்த டிசம்பரில் நானும் என் அக்காவும் அங்கே இரண்டு இரவு தங்கி, உள்ளூர்ச் சுற்றுலா நிறுவனம் ஒன்றின் ஒரு நாள் பயணத்தில் சென்று வந்தோம். தனி வேன், ஓட்டுநர், ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, நுழைவுச் சீட்டுகள், மதிய உணவு எல்லாம் சேர்த்து இருவருக்கும் 20 லட்சம் கிப் வாங்கினார்கள். நம் பணத்தில் ஏறக்குறைய 8,000 ரூபாய். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாங்கள் விசாரித்த மற்ற மூன்று இடங்களிலும் ஏறக்குறைய இதே பயணத் திட்டத்தைத்தான் அச்சடித்து வைத்திருந்தார்கள் என்பதால், நான் சொல்லப் போகும் குறையை ஒரு கடையின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாக இருக்காது.

வேன் சுத்தமாக இருந்தது. ஓட்டுநர் மலைப்பாதையில் நிதானமாக ஓட்டினார். வழிகாட்டி, நான் இதுவரை சந்தித்த வழிகாட்டிகளிலேயே சிறந்தவர்களில் ஒருவர். ஆனால் பயணத்தை வரிசைப்படுத்தியிருந்த விதம் தவறு. உலகிலேயே ஆள் கணக்கில் பார்த்தால் மிக அதிகமாகக் குண்டு விழுந்த நாட்டில், அதிலும் மிகக் கடுமையாக அடிவாங்கிய ஒரு சமவெளிக்கு அழைத்துச் சென்று, அந்தக் குண்டுகள் யாருடையவை, எதற்காக விழுந்தன என்பதை நாளின் எந்த நேரத்திலும் முறையாகச் சொல்லத் திட்டத்தில் இடமே வைக்கவில்லை. அக்கா கேட்டதால்தான் வழிகாட்டி சொன்னார். கேட்காதவர்கள் கல் சாடிகளையும், குண்டு உலோகத்தில் வார்த்த கரண்டிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். போன்சவன் கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் டிசம்பர் காலையில் குளிர் எலும்பைத் தொடுகிறது. ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். முதல் இடம், ஊருக்குத் தென்மேற்கே சிறிது தூரத்தில் இருக்கும் சாடிச் சமவெளியின் முதலாம் தளம். புல்மேட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட கல் சாடிகள் நின்றும் சாய்ந்தும் கிடக்கின்றன. சில இடுப்பளவு, சில ஆள் உயரத்தையும் தாண்டியவை. 2019இல் யுனெஸ்கோ இந்தச் சமவெளியின் 15 இடங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, அவற்றில் 1,325 சாடிகள் இருப்பதாகக் கணக்கிட்டது. இரும்புக் காலத்து மக்களின் ஈமச் சடங்கோடு தொடர்புடையவை என்பது ஆய்வாளர்களின் முடிவு. 1930களில் இங்கே அகழாய்வு செய்த பிரெஞ்சு ஆய்வாளர் மதலேன் கொலானி, அருகிலிருக்கும் குகையைப் பிணம் எரித்த இடமாகக் கருதினார். வெற்றி பெற்ற ஒரு மன்னன் அரிசிச் சாராயம் ஊறவைக்கச் செய்த சாடிகள் என்பது ஊர்க்கதை. அக்கா ஒரு சாடியின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர் முதுமக்கள் தாழி மாதிரிதான், இவங்க கல்லில் குடைஞ்சிருக்காங்க" என்றார். முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவர். அவர் கூட இருந்தால் எந்த இடத்திலும் பாதிப் பாடம் இலவசமாகக் கிடைத்துவிடும்.

சாடிகளைப் பற்றிய வழிகாட்டியின் விளக்கம் தெளிவாக இருந்தது, அவசரமும் இல்லை. இரண்டு மணி நேரம் அங்கே செலவிட்டோம். அந்த இரண்டு மணி நேரத்தில் என் கண் சாடிகளைவிட அதிகமாகப் போனது தரையில் பதித்திருந்த சிறு கான்கிரீட் கட்டைகளின் மேல். ஒவ்வொன்றும் பாதி வெள்ளை, பாதி சிவப்பு. மேலே 'மேக்' என்று பொறித்திருக்கிறது. மைன்ஸ் அட்வைசரி குரூப் என்ற பிரிட்டிஷ் அமைப்பின் சுருக்கப் பெயர் அது. வெள்ளைப் பக்கம் மண்ணுக்கு அடியிலும் சோதித்துக் குண்டுகளை அகற்றிய நிலம். சிவப்புப் பக்கம் மேற்பரப்பை மட்டும் பார்த்த நிலம். வெள்ளைக்குள்ளேயே நடக்க வேண்டும். புல் இரண்டு பக்கமும் ஒரே பச்சையாகத்தான் இருக்கிறது. இதே அமைப்பு இலங்கையின் வடக்கிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்ணிவெடி அகற்றி வருகிறது என்பது ஈழத்து வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்கள், ஒரு வயலில் கால் வைப்பதற்கு முன் இன்னொருவர் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக அதைத் தேடியிருக்க வேண்டும் என்ற நிலையை முதன்முதலாக உடம்பில் உணர இந்தக் கட்டைகளின் அருகில் சற்று நிற்பது நல்லது.

மேட்டின் சரிவில், சாடிகளுக்கு நடுவிலேயே, பெரிய குழிகள் இருக்கின்றன. புல் முளைத்து, ஓரம் மழுங்கி, வற்றிய குட்டையைப்போலத் தெரிகின்றன. 'குண்டுக் குழி' என்று பலகை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போர்க்காலப் பதுங்குகுழி வரிசையும் உண்டு. வழிகாட்டி "இது வெடிகுண்டால் ஏற்பட்ட பள்ளம்" என்று சொல்லிவிட்டு அடுத்த சாடியை நோக்கி நடந்தார். அக்கா நகரவில்லை. "யார் போட்ட குண்டு, எந்த வருஷம், இங்கே ஏன் போட்டாங்க?" என்று கேட்டார். அந்த இளைஞர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். அடுத்த அரை மணி நேரம்தான் இந்தப் பயணத்துக்கு நாங்கள் கொடுத்த பணத்தின் முழு மதிப்பு.

அவர் சொன்னதை நான் படித்தவற்றோடு சேர்த்து இங்கே தருகிறேன். போகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. 1893 முதல் பிரான்சின் பிடியில் இருந்த லாவோஸ் 1953இல் விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டு ஜெனீவாவில் இந்தோசீனப் போரை முடித்து ஒப்பந்தம் எழுதினார்கள். அது நிலைக்கவில்லை. அரச படைகள், நடுநிலையாளர்கள், வட வியட்நாமின் ஆதரவு பெற்ற பாத்தேத் லாவ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் என்று நாடு மூன்றாகக் கிழிந்தபோது, 1962 ஜூலையில் மீண்டும் ஜெனீவாவில் 14 நாடுகள் கூடி, லாவோஸ் நடுநிலை நாடு, எந்த அந்நியப் படையும் அங்கே இருக்கக் கூடாது என்று கையெழுத்திட்டன. அதைக் கண்காணிக்க வேண்டிய பன்னாட்டு ஆணையத்துக்குத் தலைமை வகித்தது இந்தியா. கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். இந்தச் செய்தியைச் சொன்னபோது வழிகாட்டி எங்களைக் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. ஆனால் ஓர் இந்தியனாக அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்பது எளிதாக இல்லை. ஆணையத்தால் யாரையும் வெளியேற்ற முடியவில்லை. தெற்கு வியட்நாமுக்கு ஆளும் ஆயுதமும் அனுப்பும் ஹோ சி மின் பாதை லாவோஸின் கிழக்கு எல்லை வழியாகவே சென்றது. அதைக் கைவிட வட வியட்நாம் தயாராக இல்லை. அமெரிக்கா வெளிப்படையாகப் படை அனுப்பாமல், சி.ஐ.ஏ. மூலம் மலைவாழ் ஹ்மோங் மக்களைத் திரட்டி, வாங் பாவ் என்ற தளபதியின் கீழ் ஒரு படையை உருவாக்கியது. லாங் தியெங் என்ற பள்ளத்தாக்கில் அதன் தலைமையிடம் இருந்தது. போர் அறிவிக்கப்படவே இல்லை.

அமெரிக்காவின் விமானத் தாக்குதல் 1964இல் தொடங்கி 1973 வரை நடந்தது. 5,80,000 முறைக்கு மேல் விமானங்கள் குண்டு சுமந்து வந்தன. 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான வெடிபொருள் கொட்டப்பட்டது. ஒன்பது ஆண்டுகள், இரவு பகல் பாராமல், எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை என்று இதைக் கணக்கிட்டுச் சொல்வார்கள். லாவோஸ் பரப்பில் தமிழ்நாட்டைப்போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. அன்றைய மக்கள்தொகை 30 லட்சத்தை எட்டவில்லை. தெற்கே பாதையை அடைக்க ஒரு பங்கு விழுந்தது. இங்கே வடக்கில், பாத்தேத் லாவும் வட வியட்நாம் படைகளும் பிடித்து வைத்திருந்த இந்தச் சமவெளியின் மேல் இன்னொரு பங்கு விழுந்தது. 1968 நவம்பரில் வட வியட்நாமின் மீதான குண்டுவீச்சை அமெரிக்கா நிறுத்தியபோது, வேலையற்றுப் போன விமானங்கள் லாவோஸ் பக்கம் திருப்பிவிடப்பட்டன. வேறோர் இடத்தில் சமாதானப் பேச்சுக்காக எடுத்த முடிவு சியங்குவாங் விவசாயிக்கு இன்னும் மோசமான ஓர் ஆண்டைக் கொண்டுவந்தது. மக்கள் குகைகளுக்குள் குடிபோனார்கள். இரவில் வந்து வயலில் நாற்று நட்டார்கள். 1970இன் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் விமானத்தில் ஏற்றித் தலைநகர் வியந்தியானுக்கு அருகில் இருந்த முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டன. 1970 மார்ச்சில்தான் அதிபர் நிக்சன் லாவோஸில் தம் நாடு செய்வதைப் பற்றி விரிவாக ஓர் அறிக்கை வெளியிட்டார். அதற்குள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குண்டு விழுந்துவிட்டது.

வழிகாட்டி ஹ்மோங் இனத்தவர். தன் அம்மாவின் அண்ணன்கள் இருவர் பதினான்கு, பதினைந்து வயதில் வாங் பாவின் படையில் சேர்ந்ததாகவும், அப்பாவின் ஊர் பாத்தேத் லாவ் பகுதியில் இருந்ததாகவும் சொன்னார். 1975இல் பாத்தேத் லாவ் ஆட்சியைப் பிடித்தபின் அம்மா வழி உறவினர் பலர் மேக்கோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடியேறினார்கள். "ஒரே குடும்பத்தில் ஒரு பாதிக்கு விமானம் அரிசி மூட்டை போட்டது, இன்னொரு பாதிக்குக் குண்டு போட்டது" என்றார். யாரையும் நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ அவர் பிரிக்கவில்லை. சில கேள்விகளுக்கு, புன்னகைத்து, பதில் சொல்லாமல் இருந்துவிட்டார். அவர் அந்த ஊரில் வாழ வேண்டியவர் என்பதால் நாங்களும் வற்புறுத்தவில்லை, நீங்களும் வற்புறுத்தாதீர்கள்.

அடுத்து பான் நபியா. கரண்டிக் கிராமம் என்றே சுற்றுலாக்காரர்கள் இதை அழைக்கிறார்கள். குண்டு உறை, எரியொளிக் குழாய், விழுந்த விமானத்தின் பாகம் என்று நிலத்தில் கிடைத்த அலுமினியத்தை உருக்கி, 1970களிலிருந்தே இங்கே கரண்டி வார்த்து விற்கிறார்கள். வீட்டின் பின்புறத்தில், கூரைக்கு அடியில், மண்ணால் கட்டிய சிறிய அடுப்பு. விறகுத் தீ. ஒரு மூதாட்டி சட்டி ஒன்றில் வெள்ளி நிறத்தில் தளதளக்கும் உலோகத்தைக் கரண்டிக் காம்பால் கிளறி, மேலே மிதந்த கசடை ஒதுக்கினார். இரண்டு மரச் சட்டங்களுக்குள் சாம்பலை இறுகக் குழைத்து அச்சு செய்திருக்கிறார்கள். அந்தச் சட்டங்களைச் சேர்த்துப் பிடித்து, மேல் துளை வழியாக உலோகத்தை ஊற்றி, பத்து எண்ணும் நேரத்துக்குள் பிரித்தார். உள்ளே கரண்டி. அதை இடுக்கியால் எடுத்துத் தரையில் போட்டு, வழிந்து காய்ந்த ஓரத்தைக் கத்தரியால் வெட்டி, அந்தத் துணுக்கைத் திரும்பச் சட்டியிலேயே போட்டார். ஆறியபின் கையில் வாங்கினேன். காற்றைப்போலக் கனமற்று இருந்தது. அவருடைய கை, அச்சைப் பிடித்த இடத்தில், தோல் தடித்துக் கறுத்திருந்தது.

இந்த இடத்தைப் பற்றி என் மனம் இன்னும் ஒரு பக்கமாக நிற்கவில்லை. அவர்களுடைய உழைப்பு உண்மையானது, வருமானம் தேவையானது. ஆனால் லாவோஸில் போர் முடிந்தபின் நடந்த வெடிப்புகளில் ஒரு பங்கு, பழைய உலோகம் பொறுக்கப் போனவர்கள் கையில் நடந்தவை. மலிவான உலோகங்காட்டிக் கருவியோடு காட்டுக்குள் போன சிறுவர்களும் அவர்களில் உண்டு. எங்களைப் போன்ற பயணிகள் ஒரு கைவளைக்குக் கொடுக்கும் பணம் யாரையாவது மண்ணைத் தோண்ட அனுப்புமா என்று அக்கா கேட்டார். இங்கே வரும் உலோகத்தை வியாபாரிகளிடம் எடைக்கு வாங்குவதாகவும், வெடிபொருள் நீக்கியது என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எடுப்பதாகவும் வீட்டார் சொன்னார்கள். நாங்கள் அந்த வீட்டில் நான்கு கரண்டிகள் வாங்கினோம். நகரச் சந்தையில் தோட்டாவையும் துருப்பிடித்த குண்டு ஓட்டையும் அப்படியே வைத்து விற்கும் கடையில் எதையும் வாங்கவில்லை. அவற்றை விமானத்தில் கொண்டுவருவதும் முடியாது, வாங்கிக் கொடுக்கும் ஊக்கமும் தவறு.

மதிய உணவு சாதாரணம். ஃபோ என்ற நூடுல்ஸ் சாறும், மூங்கில் கூடையில் ஒட்டும் அரிசிச் சோறும் கிடைத்தன. சைவம் சாப்பிடுபவர்கள் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். சொன்னாலும் மீன் சாறு எங்காவது கலந்துவிடும்.

பிற்பகலில் முவாங் கூனுக்குப் போனோம். போன்சவனுக்குத் தென்கிழக்கே முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள இதுதான் பழைய சியங்குவாங். ஃபுவான் அரசர்களின் தலைநகரம், பின்னர் பிரெஞ்சுக்காரர்களின் நிர்வாக ஊர். குண்டுவீச்சில் ஊரே அழிந்தது. போருக்குப்பின் மாநிலத் தலைநகரைப் போன்சவனில் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. வாட் பியா வாட் கோயிலில் கூரை இல்லை, சுவர் இல்லை. செங்கல் தூண்கள் சில நிற்க, நடுவில் பெரிய புத்தர் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். முகத்திலும் உடலிலும் காயத் தழும்புகள். மடியில் யாரோ அன்று காலையில் வைத்த சாமந்தி. இந்த இடத்துக்குத் திட்டத்தில் கொடுத்த நேரம் போதுமானது. விளக்கமும் நன்றாக இருந்தது. தெருவில் திரும்பும்போது வீடுகளைக் கவனியுங்கள். நீண்ட குண்டு உறையைப் பிளந்து அதில் வெங்காயத் தாள் வளர்க்கிறார்கள். தானியக் களஞ்சியத்துக்கு அதையே தூணாக நிறுத்தியிருக்கிறார்கள். கொத்துக்குண்டுகளைச் சுமந்து வந்த கூடுகள் அவை. ஒவ்வொரு கூடும் நடுவானில் பிளந்து, டென்னிஸ் பந்து அளவுள்ள 600க்கும் மேற்பட்ட சிறு குண்டுகளைச் சிதறவிட்டது. லாவோ மக்கள் அவற்றைப் 'பொம்பி' என்கிறார்கள். அந்த நாட்டின் மேல் விழுந்த பொம்பிகள் 27 கோடிக்கும் அதிகம். அவற்றில் சுமார் முப்பது சதவீதம் வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டதாக மதிப்பிடுகிறார்கள். அதாவது எட்டுக் கோடி. மழை மண்ணை அரிக்கும்போதும் மண்வெட்டி படும்போதும், சமையலுக்கு மூட்டிய தீயின் சூடு இறங்கும்போதும் அவை வெடிக்கின்றன. 1964 முதல் 50,000க்கும் மேற்பட்டோர் இறந்தோ உறுப்பிழந்தோ இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 20,000 பேர் போர் முடிந்தபின் பாதிக்கப்பட்டவர்கள்.

இனி என் முக்கியக் குறை. பயணத்தின் கடைசி இடம் தாம் பியூ குகை. போன்சவனிலிருந்து வடகிழக்கே, ஏழாம் எண் நெடுஞ்சாலையில் முவாங் காம் தாண்டி, ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். 1968 நவம்பர் 24 அன்று, இந்தக் குகைக்குள் ஒதுங்கியிருந்த மக்கள்மேல் விமானம் ஒன்று ராக்கெட் ஏவியது. 374 பேர் இறந்தார்கள் என்பது அங்கே பதிவான கணக்கு. சுற்றுக் கிராமங்களின் குடும்பங்கள் அவர்கள். குகையில் மருத்துவ வசதி ஒன்றும் இயங்கியதாகச் சொல்கிறார்கள். இந்த இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை மணி நான்கே கால். மலையின் நிழல் ஏற்கெனவே வாசலை மூடியிருந்தது. ஐந்து மணிக்குள் புறப்பட வேண்டும் என்று ஓட்டுநருக்கு நிறுவனம் சொல்லி அனுப்பியிருந்தது. மலைச்சாலையில் இருட்டில் ஓட்ட வேண்டாம் என்பது சரியான எச்சரிக்கைதான். ஆனால் அந்த இருட்டை உண்டாக்கியது அவர்களே எழுதிய வரிசை. படங்களும் பொருள்களும் வைத்திருக்கும் சிறு கூடம் நாங்கள் போன நேரத்துக்குப் பூட்டியிருந்தது. இறந்த குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் ஒருவரின் சிலையைக் கடந்து, நீண்ட படிக்கட்டில் ஏறினோம். அக்காவுக்கு முழங்கால் வலி. ஏறுவதிலேயே பதினைந்து நிமிடம் போய்விட்டது.

குகை அகலமானது. உள்ளே போகப் போகக் குளிர் கூடுகிறது. மேற்கூரை கறுத்திருக்கிறது, தரையெங்கும் உடைந்த பாறைகள். வாசலுக்கு அருகில் ஊதுவத்திக் குச்சிகளின் சிவந்த காம்புகள் கொத்தாக நின்றன. வழிகாட்டி எங்களுக்கும் ஊதுவத்தி கொடுத்தார். ஏற்றி வைத்தோம். அவர் எதுவும் பேசவில்லை. காலையில் அவ்வளவு சொன்னவர், இங்கே பேச ஒன்றும் இல்லை என்பதுபோல நின்றார். அக்கா தரையில் இருந்த கற்களைப் பார்த்துக்கொண்டே, "இவங்க வெளியில போனா குண்டு விழும்னுதானே உள்ள வந்தாங்க" என்றார். கீழிருந்து ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். நாங்கள் உள்ளே இருந்தது இருபது நிமிடத்துக்கும் குறைவு. கல் சாடிகளுக்கு இரண்டு மணி நேரம், 374 பேர் இறந்த இடத்துக்கு இருபது நிமிடம் என்பதை நான் ஒப்புக்கொள்ள முடியாது. இறங்கும்போது கால் நடுங்கியது படிகளால் மட்டும் அல்ல.

இரவு நகரத்துக்குத் திரும்பியதும், வழிகாட்டி சொன்னபடி, போன்சவன் முதன்மைச் சாலையில் இருக்கும் மேக் அமைப்பின் பார்வையாளர் மையத்துக்கு நாங்களாகவே நடந்து போனோம். இது பயணத் திட்டத்தில் இல்லை. நுழைவுக் கட்டணம் இல்லை. விரும்பினால் நன்கொடை தரலாம். சிறிய இடம். செயலிழக்கச் செய்த குண்டு வகைகளை வைத்திருக்கிறார்கள்; எந்தெந்தப் பகுதியில் எவ்வளவு விழுந்தது என்று காட்டும் வரைபடத்தில் இந்த மாநிலம் புள்ளிகளால் மறைந்தே போயிருக்கிறது. போரைப் பற்றியும் குண்டகற்றும் பணியைப் பற்றியும் ஆவணப்படம் போடுகிறார்கள். ஒரு வயலைக் கயிறு கட்டிப் பிரித்து, கருவியால் தேடி, ஒலி வந்த இடத்தை விரலாலும் கரண்டியாலும் மெல்லத் தோண்டி, பொம்பியைக் கண்டபின் அதை நகர்த்தாமல் அங்கேயே வெடிக்கவைக்கும் முறையை அதில் பார்த்தேன். அந்தக் குழுக்களில் உள்ளூர்ப் பெண்கள் பலர் வேலை செய்கிறார்கள். மேக் 1994 முதல் லாவோஸில் இருக்கிறது. அரசின் சொந்தக் குண்டகற்றும் அமைப்பு 1996இல் தொடங்கியது. கொத்துக்குண்டுகளைத் தடைசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தம் 2010இல் நடைமுறைக்கு வந்தபோது, உறுப்பு நாடுகளின் முதல் மாநாடு லாவோஸ் தலைநகர் வியந்தியானில்தான் கூடியது. அமெரிக்கா அதில் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. 2016 செப்டம்பரில் அதிபர் ஒபாமா லாவோஸுக்கு வந்தார். பதவியில் இருக்கும்போது அங்கே போன முதல் அமெரிக்க அதிபர் அவர். குண்டகற்றும் பணிக்கு மூன்று ஆண்டுகளில் ஒன்பது கோடி டாலர் தருவதாக அறிவித்தார். எட்டுக் கோடிப் பொம்பிகளுக்கு ஒன்பது கோடி டாலர் என்ற கணக்கைப் படத்தைப் பார்த்துக்கொண்டே அக்கா என் காதில் சொன்னார்.

மறுநாள் காலை, பணம் வாங்கிய நிறுவனத்தின் உரிமையாளரைச் சந்தித்து எங்கள் கருத்தைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். வருகிறவர்கள் சாடிகளைப் பார்க்கத்தான் வருகிறார்கள், விடுமுறையில் இருப்பவர்கள் காலையிலேயே குகைக்குப் போனால் மனம் வாடி மீதி நாளைக் கெடுத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் கடைசியில் வைத்தோம் என்றார். அவர் சொன்னதில் வணிக நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. வாடுகிற மனத்தோடு பார்த்தால்தான் சாடிகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளம் பள்ளமாகத் தெரிகிறது; இல்லையென்றால் அது புல் முளைத்த குட்டைதான். தவிர, அந்த மக்கள் எழுபதுகளிலிருந்து இந்த மண்ணோடு காலையிலேயே தங்கள் நாளைத் தொடங்குகிறார்கள். ஒரு நாள் விருந்தாளிகளான நாம் அதற்கு மனம் கொடுக்கத் தயங்கக் கூடாது. அக்கா அவருடைய மேசையில் இருந்த காகிதத்தில் ஒரு மாற்று வரிசையை எழுதிக் கொடுத்தார். அவர் அதை மடித்து இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

அந்த வரிசை இதுதான். போன்சவனை அடைந்த முதல் நாள் மாலையிலேயே மேக் மையத்துக்குப் போய்ப் படத்தைப் பார்த்துவிடுங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு முதலில் தாம் பியூ. கூடம் திறந்திருக்கும், படி ஏற வெயில் இருக்காது, ஒரு மணி நேரமாவது இருக்க முடியும். அங்கிருந்து திரும்பி மதியத்துக்குள் முவாங் கூன், பிறகு நபியா, மாலைச் சாய்வெயிலில் சாடிகளின் முதலாம் தளம். சாடிகளுக்கும் மாலை வெளிச்சம்தான் அழகு. இரண்டாம், மூன்றாம் தளங்களையும் பார்க்க விரும்புகிறவர்கள் இன்னொரு நாள் ஒதுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

போய்ச்சேர்வதைப் பற்றிச் சில வார்த்தைகள். 2021இல் திறந்த சீன-லாவோஸ் ரயில் போன்சவனைத் தொடுவதில்லை. லுவாங் பிரபாங்கிலிருந்து மினி வேனில் வந்தால் வளைவு வளைவான மலைச்சாலையில் பெரும்பகுதி நாள் போய்விடும். வாந்தி வரும் உடம்புக்காரர்கள் மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள். வியந்தியானிலிருந்து சிறிய விமானம் உண்டு, அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் தாம் பியூவின் படிகளுக்குக் கைத்தடி எடுத்துப் போக வேண்டும். குழந்தைகளை அழைத்துப் போகலாம். ஆனால் கட்டைகளின் வெள்ளைப் பக்கத்தைத் தாண்டி ஓடக் கூடாது, தரையில் கிடக்கும் உருண்டையான எதையும் எடுக்கக் கூடாது என்பதை வேனில் ஏறும் முன்பே சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் கழிக்கச் சாலையோரப் புதருக்குள் இறங்கும் நம் ஊர்ப் பழக்கத்தை இந்த மாநிலத்தில் முழுவதுமாக விட்டுவிட வேண்டும்.

வழிகாட்டிக்கு ஐந்துக்கு ஐந்து. வண்டிக்கும் ஓட்டுநருக்கும் நான்கு. பயணத் திட்டத்துக்கு இரண்டுதான் தருவேன். முன்பதிவு செய்யும்போது தாம் பியூ காலையில் முதல் இடம் என்பதையும், அங்கே எவ்வளவு நேரம் என்பதையும் ரசீதின் பின்பக்கத்தில் எழுதச் சொல்லி, ஓட்டுநரிடமும் அதைக் காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.